‘போயிட்டு வாங்க’ சொல்லக் கூடாத இடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஊசி போடுவதை அல்ல. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லக் கூடாது. வாசலில் யாரை அனுப்பினாலும் நாம் சொல்லிப் பழகிய வார்த்தை அது; வெறும் "போங்க" என்றால் அபசகுனம். ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லாம் தலைகீழ். இங்கே திரும்பி வரச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? "பார்த்துப் போங்க" என்று சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் வேறோர் ஆஸ்பத்திரியில் நான் புதிதாகச் சேர்ந்தபோது ஹெட் சிஸ்டர் காதைத் திருகாத குறையாகச் சொன்ன பாடம்.

அதைச் சொல்லிக்கொடுத்து எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அம்பத்தூரில் இந்த வார்டுக்கு வருகிற பெண்கள் யாரும் நிற்பதில்லை. நரம்பு தேடக் கை பழகியதும் ஒருத்தி துபாய்க்குப் போகிறாள். ஒருத்தி லண்டன் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒருத்தி முகப்பேர் ஐடி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வேலையை விடுகிறாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே வாங்கும் வசவுக்கு நானே ஏன் நிற்கிறேன் என்று தெரியவில்லை. இலவு காத்த கிளி என்பார்களே, அதற்கு யூனிஃபார்ம் போட்டால் நான்தான்.

போன வருஷம் திருமழிசையிலிருந்து ஒருத்தி வந்தாள். அப்பா அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். குழந்தைகளின் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள். அழும் குழந்தையைப் பார்த்து அவளும் அழுவது போல் முகத்தைக் கோணிக்கொள்வாள், குழந்தை அழுகையை மறந்துவிடும். "எனக்கு ஃபாரின்லாம் வேணாம் சிஸ்டர், மீன்கொழம்பு இல்லாம செத்துருவேன்" என்றாள். இவள் நிற்பாள் என்று நம்பினேன். முட்டி தேய்ந்துபோன எனக்கு, வார்டை ஒப்படைத்துவிட்டுப் போக ஒருத்தி வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மூச்சுத்திணறலோடு வந்து படுத்திருந்த ஓர் அம்மா ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பினார். அவள்தான் சக்கர நாற்காலியை ஆட்டோ வரை தள்ளிக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்ததும் அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவினார். அந்தச் சந்தோஷத்தில், "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். ஆட்டோவுக்குள் இருந்த மகன் இறங்கிவிட்டான்.

"இன்னாம்மா, இப்பதான் உசுரோட இட்டுகினு போறோம். திரும்பி வரச் சொல்றியா?"

வாசலில் நின்ற நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்தேன். "உட்றா, சின்னப் பொண்ணு" என்று அந்த அம்மா சிரித்தார்.

அந்த மாதமே அவர் திரும்பி வந்தார். நுரையீரல் முழுக்கக் கெட்டிருந்தது. மறுநாள் மதியம் இறந்துபோனார். உடம்பை எடுத்துப் போகும்போது மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் முன்னால் வந்து நின்று, "நீதான வரச் சொன்ன? வந்துச்சு, இன்னா ஆச்சு பாரு" என்றான்.

மருந்து அறையில் போய் உட்கார்ந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "அது நுரையீரல்டி, உன் வாய் இல்ல. ஒரு வார்த்தையால யாரும் சாக மாட்டாங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எதுக்கு சிஸ்டர், அதச் சொல்லக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிக் குடுத்தீங்க?"

இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணும் என்னைக் கேட்காத கேள்வி. "டீ ஆறுது, குடி" என்றேன்.

அதற்குப் பிறகு குழந்தைகளின் கையில் நரம்பைப் பிடிக்க அவளுக்கு மூன்று நான்கு குத்து ஆனது. டிஸ்சார்ஜ் என்றால் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மேனாம்பேட்டில் என் வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன்குழம்பு வைத்துப் போட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள். இவளும் நிற்க மாட்டாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கடைசி நாள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள். அப்பா வேலை செய்யும் எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையாம். அட்டைப்பெட்டிக்கு ஒன்றும் ஆகாதாம். "போயிட்டு வரேன்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், பொய்யாகவாவது.

"போறேன் சிஸ்டர்" என்றாள்.

"போயிட்டு வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"பார்த்துப் போ" என்றேன்.