உள்ளங்கால் பார்க்கிற நேரம்

சவரம் பண்ணும்போது சுவரில் மாட்டிக்கொள்கிற சின்னக் கண்ணாடி அது. சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்டது. அதைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதற்கு மேல் காலைத் தூக்கிப் பிடித்தபடி, குழாய்க் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மாலை ஆறு மணி. பேகம்பூர் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகிற நேரம். என் இரும்புச் சாமான் கடையில் கூட்டம் நெரிகிற நேரமும் அதுதான். திருட்டுத்தனமாக பீடி குடிக்கிறார் என்று நினைத்துத்தான் எட்டிப் பார்த்தேன். மனிதர் தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சீட்டு ஆட்டத்தில் கைக்கு வந்த சீட்டைப் பார்ப்பது போல அத்தனை கவனமாக.

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான். சொல்ல வேறு ஆளும் இல்லை. அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். மூட்டை தூக்கி, கம்பி சுமந்து, ஆணியும் திருகாணியும் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்று, சொந்தக் கட்டடத்தில் கடை போட்டவன். அந்தக் கடைக்குள் ஒரு நாளும் நான் செருப்போடு ஏறியதில்லை. கல்லா இருக்கிற இடம் லட்சுமி இருக்கிற இடம். வாசலிலேயே கழற்றிவிடுவேன், பிறகு நாள் முழுக்க வெறுங்கால்தான். சித்திரை வெயிலில் அதே வெறுங்காலோடு தார் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவேன். ஆணி குத்தினாலும் தெரியாத கால் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! பார்க்கிறவர்களும் வாயைப் பிளப்பார்கள். சுகர் இருந்தது. மாத்திரை போட்டேன். அதோடு அந்த வேலை முடிந்தது என்றிருந்தேன்.

சகலை தினமும் சாயங்காலம் கடைக்குப் பேச வருவார். பேச்சு பாதியில் நிற்கும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவருக்கும் சுகர். நான் விடுவேனா?

“என்ன சகல, மொகத்துக்குத்தான் பவுடருன்னு நெனச்சேன். காலுக்கும் போடுறீங்களா?”

“சிரிய்யா, சிரி. எங்கண்ணன் குஜிலியம்பாறைல ஒத்தக் காலோட கட்டில்ல கெடக்கான். அவனும் ஒன்னய மாதிரித்தான், மல மாதிரி நின்னவன்.”

“அவரு காடு கரைன்னு கெடந்தவரு. எனக்கென்ன, சிமிட்டித் தரை, தலைக்கு மேல ஃபேனு.”

“ஃபேனு காலுக்காய்யா ஓடுது?”

கல்லாவுக்கு முன்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அவருக்குத்தான் வெற்றி.

ஆனால் அந்தக் காட்சி என்னை விடவில்லை. வியாபாரத்துக்கு நடுவே என் கண் குழாய்க் கட்டுப் பக்கமே போகும். முதலில் குதிகால், பிறகு ஓரம். அப்புறம் வெற்றிலைக் கவுளியைப் பிரிப்பது போல விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். துணியால் துடைப்பார். வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுவார். விரல் சந்தில் மட்டும் தடவ மாட்டார். ஏன் என்று கேட்டேன். “ஈரம் நின்னா சந்துல புண்ணு வரும்யா” என்றார். அந்தச் செத்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். இந்த ஊரில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது? சோற்றையே நின்றுகொண்டு தின்கிறோம். இவர் மட்டும் ஒரு காலுக்கு இத்தனை மரியாதை செய்கிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது, அதிசயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சலூனில் உட்கார்ந்து மீசைக்கு மை போடுகிறவன் நான். என் மூக்கு, என் பல், என் வழுக்கை எல்லாம் எனக்குத் தெரியும். மூட்டையோடு சேர்த்து என்னைச் சுமந்த இடம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது.

ஒரு நாள் சகலை நிலக்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடையில் ஆள் குறைவான மத்தியான நேரம். அலமாரி இடுக்கில் கண்ணாடி இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே அதை எடுத்துக் கீழே வைத்து வலது காலைத் தூக்கினேன். இது என் கால்தானா? காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு. எப்போதோ தைத்த தழும்பு ஒன்று. கட்டை விரலுக்குக் கீழே உளுந்து அளவில் கறுப்பாக ஒரு பொட்டு. அழுக்கு என்று தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் நெம்பினேன். இரும்பு தட்டுப்பட்டது. ஆணித் தலை! அதுவும் செருப்புத் தைக்கிறவர்கள் வாங்கிப் போகிற குட்டை ஆணி, என் கடைச் சரக்கு. தலையைப் பார்த்ததுமே இனம் தெரிந்துவிட்டது. அந்தத் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அது எப்போது ஏறியது என்று தெரியவில்லை. நேற்றா, போன வாரமா? அமுக்கினால் சீழ் வந்தது. வலி மட்டும் வரவில்லை. கால் உறுதியாக இருந்ததால் அல்ல, உணர்ச்சி செத்துப்போனதால்தான் நான் தார் ரோட்டைத் தாண்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சகலைக்குப் போன் போட்டேன்.

கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து, மாப்பிள்ளை வீட்டார் போட்ட சந்தனம் நெற்றியில் காயாமல் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் ஆணியை எடுத்து, புண்ணைக் கீறித் துப்புரவாக்கினார். எலும்புக்குள் இறங்கியிருந்தால் விரலோடு நிற்காது, அதற்கு மேலும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த நாட்களில் கட்டிலில் படுத்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் மாலை சகலை வீட்டுக்கே வந்து, இடது காலைக் கண்ணாடியில் பார்க்க வைத்து, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புண் ஆறியது. “இந்த வயசுக்கு இம்புட்டு வேகமா ஆறுனது ஒங்களுக்குத்தான்” என்று நர்ஸே சொன்னார்.

இனி வெறுங்காலோடு நிற்கவே கூடாது என்று உத்தரவு. அங்கேதான் சிக்கல். என் மனைவி அழுதுவிட்டாள்.

“கல்லாவுல செருப்பா? வேணாங்க. அதுக்குக் கடைய மகன்கிட்ட விட்டுட்டு வீட்லயே இருங்க.”

கடையை விடுவதா? அது எனக்குக் காலை எடுப்பதற்குச் சமம். லட்சுமியைக் கோபப்படுத்தவும் தைரியம் இல்லை. மறுநாள் சகலை சுகர்காரர்களுக்கென்றே விற்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் பட்டிராத செருப்பு. என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். வயதில் மூத்தவர், எல்லோரும் பார்க்கத் தரையில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்தார். பதறிப்போய்க் காலை இழுத்தேன்.

“சும்மா இருய்யா. இம்புட்டுச் சொத்தும் இந்தக் காலு நடந்து வந்ததுதான? லச்சுமி இதுலதான் மொதல்ல ஏறி வந்துருப்பா” என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டார்.

இன்றைக்கும் அந்த ரோட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருகிற முதலாளி நான் ஒருவன்தான். கேலி பேசுகிறவனிடம், “ஒன் காலக் காட்டுடா பாப்போம்” என்பேன். பேச்சு அத்தோடு அடங்கிவிடும். வியாபாரம் ஒரு துளி குறையவில்லை.

போன ஐப்பசி அடைமழையில் சகலை நெஞ்சுவலி வந்து போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். ஆளாளுக்குக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்தது. கும்பிடக் கை வரவில்லை. கீழே உட்கார்ந்து, குதிகாலைப் பார்த்தேன். ஓரத்தைப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். நான் கதறுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என் தோளைப் பிடித்துத் தூக்க வந்தார்கள். தலைமாட்டில் இருந்த அவர் மனைவி, என் மதினிதான் கையை நீட்டி அவர்களைத் தடுத்தது. அழுது கட்டிப்போன குரலில் என்னைக் கேட்டது:

“எப்படித் தம்பி இருக்கு?”

“ஒரு கீறல் இல்ல மதினி.”