மேசை மேல் கப்பி

பிளஸ் டூவில் எனக்கு இயற்பியல் மட்டும் நின்றுபோனது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு தூக்கினேன். பாஸ் என்று காட்டினால் மெஷினில் நிற்கவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்காகத்தான் திருமுல்லைவாயிலில் சைக்கிள் கடை மாடியில் இருந்த டுடோரியலுக்குப் போனேன்.

வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரை.

ஒருநாள் படம் போடாமல் வாயால் கணக்குச் சொன்னார். மேசை மேல் ஒரு கட்டை. அதில் கட்டிய கயிறு உராய்வற்ற கப்பி வழியாகப் போகிறது. மறுமுனையில் இன்னொரு கட்டை தொங்குகிறது. மேசைக்கு உராய்வு உண்டு. முடுக்கம் என்ன?

பட்டறையில் அதைப் புல்லி என்போம். கிணற்றில் ராட்டினம். கப்பி என்றால் எனக்கு ரோடு போடக் கொட்டுகிற கல்தான். மேசை ஓரம் ஒரு குவியல் வரைந்து கயிற்றை அதற்குள் விட்டேன்.

வாத்தியார் தாளைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார்.

“பாருங்கடா, மேசை மேல ரோடு போட்டுகீறாரு தொர.”

பக்கத்தில் இருந்த ஆவடி குவார்ட்டர்ஸ்காரன், “தார் எங்க மாமே?” என்றான். சிரிப்பு அடங்கவில்லை.

“கப்பில உராய்வு இல்லன்னா எவன் சார் நடப்பான்?” என்றேன்.

“வாய் வேறயா? நீ பாஸ் பண்ணி கிழிச்ச. எழுந்து போடா, கப்பி.”

போனேன். திரும்பப் போகவில்லை. ரயிலில் குவார்ட்டர்ஸ்காரன் கூப்பிடுவான். “கப்பி, எடம் கீது வா.” வாசலிலேயே நின்றுகொள்வேன்.

வீட்டில் தனியாகப் போட்டேன். ஒவ்வொரு கட்டைக்கும் தனிச் சமன்பாடு. தொங்குகிற கட்டைக்கு எடை கீழே, இழுவிசை மேலே. மேசைக் கட்டைக்கு இழுவிசை முன்னே, உராய்வு பின்னே. இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டுப்போகும். உராய்வு எந்தப் பக்கம் என்று குழம்பினால் வாத்தியாரை நினைத்துக்கொள்வேன். பின்னால் இழுப்பது.

பரீட்சையில் உராய்வற்ற கப்பி வந்தது. சக்கரம் வரைந்தேன். பாஸ்.

டுடோரியல் வாசல் பலகையில், பாஸானவர்கள் வரிசையில், என் பெயரும் இருந்தது. மாடி ஏறினேன்.

“என் பேர அழி சார்.”

“இன்னாடா, பாஸாக்கி உட்டா திமிரா?”

“நீ வச்ச பேரு கப்பிதான சார். அத்த எழுதிக்கோ.”

அவர் எழுந்திருக்கவில்லை. இறங்கிவந்து நானே உள்ளங்கையால் தேய்த்தேன். சாக்பீஸ்தான், போய்விட்டது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். மெஷினில் அன்று முதல் நாள்.