ஒயில் கூடித்தான் கிடந்தது

1. கயிற்றில் வந்த கார்

எஞ்சின் இறக்கிப் புதிதாகச் செய்து கொடுத்த கார், கொஞ்ச நாளில் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தால் ஒரு மெக்கானிக்குக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தொழில் பழகுகிற பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாது. எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வரும். அன்றும் அப்படித்தான் வந்தது.

அது சண்டைக் காலம். நாங்கள் வாகனம் திருத்திய கறாச் மட்டக்களப்பு வாவியின் இந்தப் பக்கம், எழுவான்கரையில், பெரிய ரோட்டோரம் இருந்தது. சூசைப்பிள்ளை முதலாளி. எஞ்சின் வேலை முழுக்க என் பொறுப்பு. அந்தக் காரின் சொந்தக்காரன் தம்பிராசாவின் ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அங்கிருந்து ஒரு வாகனம் வருவதென்றால் சோதனைச் சாவடி தாண்டி, துறையில் பாதைக்குக் காத்திருந்து, அதில் ஏறி வாவியைக் கடந்து, இந்தப் பக்கத்துச் சாவடியும் தாண்ட வேண்டும். வாகனங்களை ஏற்றிப்போகும் மிதவைக்குத்தான் எங்கள் பக்கம் பாதை என்று பெயர். இவ்வளவையும் தாண்டி, வயல் உழுகிற மிசின் ஒன்று தம்பிராசாவின் ஏ போட்டி, அதாவது ஏ-40 என்கிற பழைய மாடல் காரை இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டது.

நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் போனேன்.

“என்னடா தம்பிராசா! பிள்ளையப்போலப் பாத்துப் பாத்துச் செஞ்சி தந்த எஞ்சின என்னடா செஞ்சாய்?”

அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. எப்போது வந்தாலும் சிரித்துக்கொண்டே இறங்குகிறவன், கார்க் கதவைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

“வாயப் பொத்து வேலு. அவன்ட பொஞ்சாதி இந்தக் காருக்குள்ளதான் செத்துப்போனா. வயித்துப் பிள்ளையும் போயிட்டு. நேத்துத்தான் துறையடியில ஆக்கள் சொன்னாங்க. உனக்குச் சொல்லக் கிடைக்கல்ல.”

நான் சொன்ன அந்தப் ‘பிள்ளையப்போல’ என்ற சொல் எனக்கே திரும்பி வந்து அடித்தது. போய் அவன் தோளில் கை வைத்தேன். வேறென்ன செய்வது?

2. அந்தக் காலத்தில் கார் குடித்தது

நடந்ததை அவனே சொன்னான். அவன் மனைவி பூமணிக்குப் பிள்ளை பிறக்க நாள் இன்னும் இருந்தது. அன்று காலையில் திடீரென்று இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. பின் சீற்றில் படுக்க வைத்துக்கொண்டு துறைக்கு ஓட்டியிருக்கிறான். வயல் வட்டையின் நடுவில், இரண்டு பக்கமும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், எஞ்சின் ‘டொக் டொக்’ என்று அடித்திருக்கிறது. விடாமல் மிதித்திருக்கிறான். பிறகு ஒரே இறுக்கு, கார் நின்றுவிட்டது. மிசின் தேடி ஓடிப்போய், அதில் ஏறிக்கொண்டு திரும்பி வந்தபோது பூமணி இல்லை.

அவளுடைய கிரியைகள் முடியும்வரை காரை அதே வட்டையில் ஒரு மரத்தின் கீழ் விட்டிருக்கிறான். ஊரில் ஒரு கதை எழும்பியிருந்தது. எழுவான்கரைக் கறாச்சில் பழைய பெயாரிங்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று. அவன் அதை எங்களிடம் சொல்லவில்லை. மிசின்காரன்தான் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த எஞ்சினுக்கு நாங்கள் செய்த வேலை சும்மா வேலை இல்லை. சிலிண்டரைப் போர் அடித்து, கிராங்கை லேத்துக்குக் கொடுத்து அரைத்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்ஸும் போட்டு, கொழும்பில் இருந்து முதலாளி பாடுபட்டு எடுப்பித்த பெயாரிங் செட்டை என் கையால் பூட்டினேன். கொடுக்கும்போது ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“ரிங்ஸ் பழகும் மட்டுக்கும் மண்ணெண்ணெய் காட்டிராத. பெற்றோல்ல மெதுவா ஓட்டு. ஒயில் கம்பிய ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார், குறைஞ்சா ஊத்து.”

“ஓம் அண்ணன், ஓம் அண்ணன்” என்றான்.

மண்ணெண்ணெயில் காரா என்று இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்துக்குப் பெற்றோல் கொண்டுபோகச் சாவடியில் விடமாட்டார்கள். பாஸ் எடுத்துக் கொண்டுபோகிறது டாங்கியின் அடியை நனைக்கத்தான் காணும். ஆகவே அங்கே ஓடிய கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். கார்பரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ரோடெல்லாம் புகையும் குப்பி விளக்கு மணமுமாகக் கிடக்கும். ஆனாலும் ஓடும். அதில்தான் நோயாளியும் போனான், கலியாணப் பொம்பிளையும் போனாள்.

3. சம்பைக் கழற்றியபோது

முதலில் ஹாண்டிலைப் போட்டுக் கிராங்கைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஒயில் விட்டு, ஆட்டி ஆட்டிப் பார்த்த பிறகு ‘கர்’ என்று உரசிக்கொண்டு அரைச் சுற்றுப் போனது. கிராங்கைப் பிடிக்கிற பிக் எண்ட் பெயாரிங் போயிற்று என்று அப்போதே தெரியும். ஆனால் போனது தெரிந்தால் காணாது, ஏன் போனது என்று தெரிய வேண்டும். பெயாரிங் தானாகச் சாகாது.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற சம்பின் நட்டைக் கழற்றினேன். ஒயில் பாகுபோல இறங்க வேண்டும். இது தண்ணியாக ஊற்றிற்று. வைத்த தட்டு நிறைந்து வழிந்தது. நான் விட்டுக் கொடுத்த அளவு எனக்குத் தெரியும். விட்டதைவிடக் கூட வந்தது. விரலில் தொட்டு மணந்தேன். குப்பி விளக்கு மணம்.

பிறகு பெயாரிங்குகளை மூடியிருக்கிற கப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு பெயாரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டிச் சுற்றியிருந்தது. மற்றவை மேல் பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிய நின்றன. மண் தூசு போய் அரைத்திருந்தால் கோடு கோடாகக் கீறியிருக்கும். நான் பூட்டியது பிழையென்றால் ஒரு பக்கம் மட்டும் தின்றிருக்கும். ஒயில் பம்பில் குறையில்லை, அதன் வலையில் அடைப்பில்லை. எல்லாம் ஒரே மாதிரி, ஒயிலுக்குத் தடிப்பில்லாமல் தேய்ந்து போனவை.

தம்பிராசா பக்கத்தில் குந்தி இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனாகவே சொன்னான்:

“ஒவ்வொரு நாள் காலமையும் கம்பிய இழுத்துப் பாத்தநான் அண்ணன். ஒரு சொட்டும் குறையல்ல. கூடித்தான் கிடந்த. வேலு அண்ணன்ட வேலையப் பார் எண்டு பூமணிக்கும் காட்டினநான். அவளும் சிரிச்சவள்.”

ஐயோ கடவுளே, கூடியதைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறான்! பழைய எஞ்சின் என்றால் ஒயிலைத் தின்றுகொண்டே இருக்கும், மண்ணெண்ணெய் இறங்கினாலும் கம்பியில் கூடித் தெரியாது. புது எஞ்சின் ஒயில் தின்னாது. ரிங்ஸும் இன்னும் பழகவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியிருக்கிறது. படுவான்கரையில் ஒயில் குறையாத காரைக் கண்டவர் ஆர்? நல்ல எஞ்சின் என்றுதான் எவனும் நினைப்பான்.

“மண்ணெண்ணெய் விட்டியா?” என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

4. முதலாளி சொன்னது

முதலாளி என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர் வாய்க்காரர். சின்னப் பிழை என்றாலும் கஸ்டமர் தலையில் கட்டிவிடுகிற ஆள். கறாச்சின் பெயரைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்தது என்று துள்ளுவார் என்று நினைத்தேன்.

“மண்ணெண்ணெய்தானே?”

“ஓம் முதலாளி. நம்மட பிழை ஒண்டும் இல்ல.”

இடுப்புச் சறத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

“நம்மட பெயாரிங்தான் பிழை எண்டு சொல்லிப்போடுவம் வேலு. ஊர்ல அப்பிடித்தானே கதைக்கிறாங்க. கதைச்சிட்டுப் போகட்டும். அந்தப் பெடியன்ட தலையில இத வைக்க ஏலாது.”

அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. சரி என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

“தம்பிராசா, இந்தப் பெயாரிங் செட்...” என்று தொடங்கினேன்.

அவன் எழும்பி நின்றான்.

“அண்ணன், உள்ளதச் சொல்லுங்க. இத நான் மறுகா ஓட்டோணும். எங்கட ஊர்ல வேற கார் இல்ல. கார் என்னாலதான் நிண்ட எண்டு தெரியாம ஓட்டினா, இன்னொருத்தர ஏத்திப்போகக்குள்ள மறுகாவும் வட்டைக்குள்ள நிக்கும். அந்த மனிசன் என்னப்போல மிசின் தேடி ஓடுவான்.”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், தொழில் பழகுகிறவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவன் தட்டில் கிடந்த ஒயிலை உள்ளங்கையில் எடுத்து மணந்தான். கையைத் துடைக்கவில்லை. அப்படியே மடித்து வைத்துக்கொண்டான்.

“ஆக்கள் வந்து வாசல்ல நிண்டாங்க அண்ணன். பாம்பு கடிச்ச பெடியன். மறுகா நெஞ்சு நோவெண்டு ஒரு மனிசி. பெற்றோல் இல்ல, கார் எடுக்க மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்ற?”

நான் அதோடு நின்றிருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்கத் தாங்காமல், ஆறுதல் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.

“நீ மண்ணெண்ணெய் விட்டு ஓட்டினபடியாத்தான் அந்த ஆக்கள் எல்லாம் இண்டைக்கு உசிரோட இருக்கிறாங்க, தம்பிராசா.”

“ஓம்” என்றான். பிறகு சொன்னான்: “அந்த ஆக்களுக்குள்ள அவ இல்லயே அண்ணன்.”

முதலாளி உள்ளே போய்விட்டார். தம்பிராசா அழவில்லை. நான்தான் அழுதேன், காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, நட்டைத் தேடுகிற மாதிரி.

5. திரும்ப ஓடியது

கிராங்கை மறுபடி அரைத்து, மறுபடி பெயாரிங் போட்டு எஞ்சினைச் செய்து கொடுத்தோம். கொடுத்த நாளில் ஒயிலுக்குக் கம்பியில் அடையாளம் வெட்டிக் காட்டினேன். இதற்குமேல் கூடினால் ஓட்டாதே, மணந்து பார், மண்ணெண்ணெய் மணம் வந்தால் முழு ஒயிலையும் இறக்கிவிடு என்றேன். அவனுக்கு நான் சொல்லத் தேவையே இல்லை.

பிறகு துறையடியில் நிற்கிற மற்றக் கார்க்காரருக்கு எல்லாம் அவனே சொல்லித் திரிந்தானாம். ஒயில் கூடினால் சந்தோசப்படாதிங்க, நான் சந்தோசப்பட்டநான் என்று. என் பெயரையோ கறாச்சின் பெயரையோ ஒரு இடத்திலும் பிழையாகச் சொல்லவில்லை. ஊரில் எழும்பிய கதையை அவன்தான் அடக்கினான்.

நான் பழகிய பாடம் இதுதான், பிள்ளைகளே. பெயாரிங் ஏன் போனதென்று கேட்கிறவனுக்கு உள்ளதைச் சொல்லுங்கள். அவன் அதை வைத்துத்தான் திரும்ப ஓட வேண்டும். சொல்லி முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாத வாய்க்கு அது வேலையில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் தம்பிராசா கறாச்சில் நிறுத்தினான். பின் சீற்றில் ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய். டிக்கியில் மண்ணெண்ணெய்க் கானும், அதற்குப் பக்கத்தில் மாற்றுவதற்கு ஒயிலும் இருந்தன.

“மணந்து பாருங்க அண்ணன்” என்று கம்பியை இழுத்து நீட்டினான்.

மணந்தேன். “சரியாக் கிடக்கு.”

பொனற்றை மூடிவிட்டு, டிரைவர் சீற் பக்கம் குனிந்தேன். உள்ளே பின்னால் பார்க்கிற கண்ணாடி கூரையைப் பார்த்துத் திரும்பி இருந்தது. திரும்பிக் கிடக்கிற கண்ணாடியைக் கண்டால் என் கை தானாகப் போகும். நிமிர்த்தக் கை நீட்டினேன்.

“அது அப்பிடியே கிடக்கட்டும் அண்ணன்” என்றான். “பின் சீற்றப் பாத்தா எனக்கு ஓட்ட ஏலா.”

கையை எடுத்துக்கொண்டேன்.