சரசுவுக்காக ஒரு பால்குடம்

முட்டிவலி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ராவாங்கில் இருக்கும் மகள் உடனே கைப்பேசியைத் தட்டி ஒரு தைலம் வரவழைத்துவிட்டாள். மூடியைத் திறந்தேன். ஐயோ, அப்பா வாசம்! அதாவது குதிரை வாசம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

அப்பாவுக்குக் கோலாலம்பூர் பந்தயத் திடலில் குதிரைகளுக்குக் கால்தைலம் தேய்த்துப் பராமரிக்கும் வேலை. நானும் அம்மாவும் புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். மாதம் ஒருமுறை வருவார். வந்து உட்கார்ந்ததுமே சரசு இப்படி ஓடினாள், அப்படித் திரும்பினாள் என்று ஆரம்பித்துவிடுவார். சரசு ஒரு பெண்குதிரை. சீன முதலாளி வைத்த ஆங்கிலப் பெயர் அப்பாவின் வாயில் நுழையவில்லை. இவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். எனக்குப் பெயர் வைத்தது பெரியப்பா. அதை விடுங்கள்.

முதல் பந்தயத்தில் சரசு கடைசி. கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம், பாவம். அதே வருடம் நான் கணக்கில் கடைசி. எனக்கு அந்தப் பாவம் கிடைக்கவில்லை. பிறகு ஈப்போவில் ஜெயித்தாள், பினாங்கில் ஜெயித்தாள், சிங்கப்பூருக்குப் போய் ஆண்குதிரைகளையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவாள்.

“சக்களத்தி புராணம் போதும்லா, சாப்பிட வாங்க.”

பெரிய கோப்பைப் பந்தயம் நெருங்கும்போது சரசுவின் முன்னங்கால் வீங்கிவிட்டது. தேறாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று பேச்சு. தோட்டத்துக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து அப்பா அழுதார். அவர் அழுது அன்றுதான் கேட்டேன். தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாராம். சரசுவை விட்டு நகர முடியாதாம், அம்மாதான் எடுக்க வேண்டுமாம்.

“நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு சூடம் கொளுத்துனாரா இந்த மனுசன்?”

லயமே கேட்கக் கத்தினாள் அம்மா. கத்திவிட்டு விரதம் இருந்தாள். திருவிழாவன்று செருப்பில்லாமல் வெயிலில் குடம் எடுத்து நடந்தாள்.

பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

“சரசு.”

“நட்சத்திரம்?”

“கேட்டை.” அதையும் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். என் நட்சத்திரம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

“ஒங்களுக்கு என்ன ஒறவும்மா?”

“சக்களத்தி, சாமி.”

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வீக்கம் வற்றியது. சரசு ஓடினாள், கோப்பையையும் அடித்தாள். மாரியம்மனா, மிருக வைத்தியரா என்று என்னைக் கேட்காதீர்கள். தன்னால்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

ஜெயித்த கையோடு முதலாளி அவளைக் குட்டி போட ஆஸ்திரேலியாவுக்கு விற்றுவிட்டார். அப்பா வேலையை விட்டுவிட்டுப் பையும் கையுமாக வந்து சேர்ந்தார். அம்மா கேட்ட வரம், புருஷன் வீட்டோடு. ஆனால் மனுசன் வாயே திறக்கவில்லை. கடைசியில் அம்மாவே சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காருவாள்.

“சிங்கப்பூர்ல எப்படி ஓடுனா? சொல்லுங்களேன்.”

இரண்டு வருடம் கழித்துக் கடைக்கு அழைப்பு வந்தது. குட்டி போடும்போது சரசு செத்துவிட்டாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்பை அணைத்தாள். குழாயடிக்குப் போய்க் கட்டிய சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சொந்தத்தில் சாவு விழுந்தால் செய்வதுதான். லயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த லயத்தை இடித்து வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். அப்பா போய்விட்டார், பின்னாலேயே அம்மாவும். சரசுவைப் பற்றிச் சொல்ல மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நானும் சரி, அம்மாவும் சரி, அவளை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.