கிறுக்கி சிவப்புக்குத் தாவிய ஞாயிறு

ஆஷ்வில் என்ற அமெரிக்க ஊரில் பிறர் வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவள் மார்னி ஹோல்கம். பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. இத்தனை வருடத்தில் ஒரு பல்கூடத் தன்னைத் திடுக்கிட வைத்ததில்லை என்பது அவள் குறை. அதற்கும் சேர்த்து வீட்டில் சிந்தசைசர் என்கிற மின்னிசைக் கருவி ஒன்று வைத்திருந்தாள். அது சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டதால் சாப்பாடு மடியில்தான். அதில் பியானோ மாதிரிக் கட்டைகள் கிடையாது. வெறும் திருகுகளும் துளைகளும். எந்தத் துளையிலிருந்து எதற்குக் கேபிள் போகிறதோ, அதுதான் பாட்டு.

அதிலிருந்த ஒரு சின்னப் பெட்டிக்கு அவள் வைத்த பெயர் கிறுக்கி. உள்ளே மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் சுற்றினால் பச்சை விளக்கு. வலப்பக்கம் தாவினால் சிவப்பு. எப்போது தாவும் என்பது அதைச் செய்தவனுக்கே தெரியாது. ஊரில் மற்றவர்கள் இப்படிப்பட்ட பெட்டியைக் கீச்சுக்கீச்சென்று கத்தவிட்டு, மேதை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். மார்னி அதனிடம் பாட்டையே ஒப்படைத்தாள். பச்சை எரிந்தால் சரணம், சிவப்பு எரிந்தால் பல்லவி.

பாடுகிறவன் அவள் தம்பி டெல்மர். ரொட்டி வண்டி ஓட்டுபவன். தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்ததால் காலால் தாளம் எண்ணாமல் வாயைத் திறக்கமாட்டான். பீர்க் கடையின் பின்கூடத்தில் மாதாமாதம் ஞாயிறு மதியம் இப்படிக் கேபிள் செருகி வாசிக்கிறவர்கள் கூடுவார்கள். போன கூட்டத்தில் டெல்மர் எண்ணி முடித்துப் பல்லவியை ஓங்கி எடுத்தான். கிறுக்கி இன்னும் சரணத்திலேயே நின்றது. கூடமே சிரித்தது.

"உன் பெட்டிக்கு நான் கோமாளியா? இன்னொரு தடவ மானத்த வாங்குச்சு, நீயே பாடிக்க" என்றான் வெளியே வந்ததும்.

"நான் பாடினா நாய்கூட எந்திரிச்சுப் போயிடும்டா."

அது உண்மை. அவன் குரல் இல்லாவிட்டால் அத்தனை பெட்டிகளும் சேர்ந்து பழைய ஃபிரிட்ஜ் மாதிரி உறுமும், அவ்வளவுதான். அந்தக் குரலை இழந்துவிடுவோமோ என்று மார்னி பயந்தாள். அதனால் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புமுன் கிறுக்கியிலிருந்த கேபிளைப் பிடுங்கி, சீராகத் தாளம் எண்ணுகிற கடிகாரப் பெட்டியில் செருகினாள். இனி பல்லவி அளந்து வைத்த மாதிரி வரும். அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

கூடத்தில் வேகவைத்த வேர்க்கடலை வாசனை. முதல் சரணம் முடிந்தது. பல்லவி சொல்லிவைத்தாற்போல வந்தது. டெல்மர் பாடவில்லை. கிறுக்கியையே முறைத்துக்கொண்டிருந்தான். கேபிளை மாற்றிய மார்னி, விளக்குகளை மறந்துவிட்டாள். கிறுக்கி தன்பாட்டுக்குப் பச்சையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் அவள் காதருகே குனிந்தான். "பச்சையில எப்படிப் பல்லவி வருது?"

"உனக்காகத்தான்... கடிகாரத்துல போட்டேன்."

"அடிப்பாவி! நீ வேலைக்குப் போனதும் பூனைக்குச் சோறு வைக்கிற சாக்குல வந்து, அந்த மேசை முன்னால தவம் கெடந்தது எதுக்காம்? தாவுறதுக்கு முன்னாடி பச்சை ஏறி ஏறி எரியும். எனக்கு இப்பத் தெரியும். மாத்து அத."

"பாட்டு நடுவுலயா?"

"பின்ன, வீட்டுக்குப் போயா?"

கேபிளைப் பிடுங்கி மறுபடி கிறுக்கியிலேயே செருகினாள். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு பல்லவி வரவே இல்லை. இருந்த சரணங்களையெல்லாம் டெல்மர் பாடித் தீர்த்து, மறுபடி முதல் சரணத்துக்கே வந்தான். பச்சை ஆடாமல் அசையாமல் எரிந்தது. கூட்டம் நடத்துகிறவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நேரம் முடிந்தால் வாசித்தவரே எல்லோர் முன்னாலும் கேபிள்களைப் பிடுங்கிவிட வேண்டும். அந்தப் பாட்டு இனி யாருக்கும் கிடையாது. அது அந்தக் கூடத்தின் வழக்கம். மார்னி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சத்தம் மெலிந்து நின்றது. கைதட்டல் தொடங்கியது.

டெல்மர் மட்டும் நகரவில்லை. ஒரு கேபிளும் இல்லாத கிறுக்கியில் பச்சை ஏறியது. இன்னும் ஏறியது. சிவப்பு.

எந்தச் சத்தமும் துணைக்கு இல்லாமல் அவன் பல்லவியை எடுத்தான். கைதட்டல் அடங்கியது. கழுத்து நிறையக் கேபிள்களோடு மார்னி அவன் காலைப் பார்த்தாள். அது எண்ணவில்லை.