பர்மாத் தேக்கு ஹர்டில்ஸ்

எனக்குச் சோம்பல் அதிகம். அதை இப்பவே சொல்லிடுறேன், பின்னால மழுப்ப வேண்டியதில்ல.

அறுபதுகளோட கடைசி. எந் தங்கச்சி பத்தாவது படிக்கையிலயே லாங் ஜம்ப்புல பெரிய பிள்ளைகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டா. எங்க வயக்காட்டு வாய்க்காலைச் சின்னதுலேருந்தே ஒரே தாவுல தாண்டுறவளுக்கு மணல் குழி ஒரு பொருட்டா? அடுத்த வருசம் டிரில் டீச்சர் தடை தாண்டுற ஹர்டில்ஸும் ஓட விட்டாக. காரைக்குடியில ஜெயிச்சா, சிவகங்கையில ஜெயிச்சா, மதுரையில ரெண்டுலயும் முதல் பரிசு. மெட்ராஸ் போட்டிக்குக் கடுதாசி வந்துருச்சு.

ஆனா எங்க அய்யா அவளுக்கு ஒக்கூர்ல மாப்பிள்ளை பாத்து வச்சிருந்தாக. டீச்சர் வீட்டுக்கே வந்து மல்லுக்கட்டுனதுல அய்யா ஒரு வார்த்தை விட்டாக: "மெட்ராஸ்ல ஜெயிச்சுட்டு வரட்டும், காலேஜ்ல சேத்துவிடுறேன். இல்லையின்னா கல்யாணந்தான்." அய்யா சொன்னாச் சொன்னதுதான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்க களத்துலதான் பழகுனா. ரெண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேல மூங்கிலை வச்சுத் தாண்டுவா. கால் பட்டா மூங்கில் விழுந்துரும். எடுத்து வைக்கிற வேலை எனக்கு. அவ நாலு ஓட்டம் ஓடுனா நான் பத்துத் தடவை குனியணும், வெயில் வேற மண்டையப் பொளக்கும்.

"ஏண்டி, காலைத் தூக்கித்தான் தாண்டித் தொலையேன்!"

"வேகமா ஓடுனா லேசாப் படத்தாண்ணே செய்யும்."

அப்பப் பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டைப் பிரிச்சு மரத்தை வித்துக்கிட்டிருந்தாக. மாட்டுக் கொட்டகைக்குன்னு அய்யா ஒரு வண்டி பர்மாத் தேக்கு வாங்கிப் போட்டிருந்தாக. நான் அதுல கொஞ்சத்தை எடுத்து ஆசாரிகிட்ட ஹர்டில்ஸுக்கு அளவு சொன்னேன். அவரு வாழ்நாள் பூரா நிலைக்கதவு செஞ்ச மனுசன்.

"ஆடலாமா தம்பி?"

"ஆடவே கூடாது ஆசாரி."

முழ ஆழம் தோண்டி, கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டிச்சு, அஞ்சு தடை ஊண்டுனோம். வீட்டுக்கு நிலை வைக்கிற மாதிரியே மஞ்சள் குங்குமம் வச்சு, பூச்சுத்தி, சூடம் காட்டுனாரு. பாத்தவுக எல்லாம் மெச்சுனாக. இனிமே குனிய வேண்டாம்னு எனக்குச் சந்தோசம் தாங்கல.

தங்கச்சி கையால அசைச்சுப் பாத்தா. "இது விழாதாண்ணே?"

"பட்டாத்தானடி விழணும்? படாமத் தாண்டு."

ஒரு வாரம் படாமத்தான் தாண்டுனா. ஆனா ரொம்ப உயரத் தாவுனா, ஓட்டம் மந்தமாயிருச்சு. "இப்படிப் பயந்து ஓடுனா மெட்ராஸ்ல தோத்துருவேண்ணே"ன்னு சொல்லிட்டு, எட்டாம் நாள் காலையில வேகத்தைக் கூட்டுனா. ரெண்டைத் தாண்டிட்டா. மூணாவதுல முழங்கால் போயி அடிச்சுச்சு. களத்தோட அந்தக் கோடியில நின்ன எனக்கு எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. கட்டை இம்மி அசையல.

மதுரை ஆசுபத்திரியில ரெண்டு மாசம் கிடந்தா. அந்தக் கால் அப்புறம் மடங்கவே இல்ல. மெட்ராஸ் போச்சு, காலேஜ் போச்சு, ஒக்கூர்க்காரக வேற இடத்துல பொண்ணெடுத்துட்டாக. "நாந்தான் அவசரப்பட்டு ஓடிட்டேன்யா"ன்னு அய்யாகிட்ட அவளே சொன்னா. பாவி நான், பக்கத்துல வாயத் தொறக்காம நின்னேன்.

அவ வீடு வந்த மறுநா, "அதைப் பிடுங்கி எறிடா"ன்னு அய்யா கடப்பாரையை என் முன்னால போட்டாக. காலையில ஆரம்பிச்சேன். கை கொப்புளிச்சு ரத்தம் வந்துச்சு. உச்சி வரைக்கும் ஒண்ணைக்கூடப் பிடுங்க முடியல. களத்தோரம் கயித்துக் கட்டில்ல காலை நீட்டி உக்காந்து தங்கச்சி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தா.

"நல்லாத்தான் ஊண்டியிருக்கீகண்ணே"ன்னா.

அவ கேலி பண்ணல. மெய்யாவே சொன்னா. நான் கடப்பாரையை விட்டுட்டு அங்கனயே உக்காந்து அழுதேன்.