கொழுந்து லொறிக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட்

ஒரு லொறி அழகாக இருப்பதைப் பார்த்து யாருக்காவது நெஞ்சு அடைக்குமா?

எனக்கு அடைத்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, ஓப்பநாயக்கவில், பிலோமினா அக்காவின் வீட்டு வாசலில்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எங்கள் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கி, வாடுவதற்குள் ஃபேக்டரியில் சேர்ப்பவர். லொறி அவருடையது. ஓட்டுபவர் கணவர் சூசை அண்ணன். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு லொறியால்தான்.

மேலே பார்த்தால் வண்டிக்கு வயதானது மட்டும்தான் தெரியும். விவகாரம் அடியில். செசி — மொத்தப் பாரத்தையும் தாங்கும் இரும்புச் சட்டம் — துருப்பிடித்து, தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. கராஜ்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார். இனி லோட் ஏற்றினால், ஏதாவது ஒரு வளைவில் முன்பக்கம் பெல்மதுளைக்கும் பின்பக்கம் பலாங்கொடைக்கும் போகும் என்றார். புதுச் செசி போட அக்காவால் முடியாது. போடாமல் ஓட்டவும் முடியாது.

அப்போதுதான் இணையத்தில் ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. அதே மொடல் லொறிகளின் செசிக்குத் துருத்தடுப்புப் பூச்சு சரியாக அடிக்கப்படவில்லை என்று, தயாரித்த கம்பனியே வேறொரு நாட்டில் ஒப்புக்கொண்டிருந்தது. அங்கே பழைய வண்டிகளுக்கும் இலவசமாகச் செசி மாற்றிக் கொடுக்கிறார்களாம்.

கொழும்பிலுள்ள ஏஜென்டுக்கு ஈமெயில் போட்டோம். பதில் மரியாதையாக வந்தது. அந்த ஏற்பாடு பனி கொட்டும் நாடுகளுக்கு மட்டுமாம். அங்கே பனியைக் கரைக்கத் தெருவில் உப்புத் தூவுவார்களாம், அதனால் துரு. உங்கள் ஊரில் பனி இல்லையே...

நான் வாசித்துச் சொன்னேன். அக்கா கேட்டார்.

"பனியில துரு புடிச்சா கம்பனி தப்பு. மழையில புடிச்சா எங்க தலையெழுத்தா? அப்படியே எழுதுங்க தம்பி."

அப்படியே எழுதினேன். என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தேன். இரத்தினபுரி மாவட்டத்தில் மழை பெய்தால் அது செய்தியே அல்ல, பெய்யாவிட்டால்தான் செய்தி — பத்திரிகையில் இருந்த காலத்தில் அப்படித்தான் பக்கம் போட்டோம். இப்படிப்பட்ட ஊருக்கு லொறியை விற்றுவிட்டு, நனைந்ததால் கெட்டது என்று கையை விரிப்பது என்ன நியாயம்? குடை விற்றவர் அப்படிச் சொன்னால் விடுவோமா?

குடை வேலை செய்தது. ஓர் இன்ஜினியரை அனுப்புகிறோம் என்றார்கள். அவர் பார்த்து, தயாரிப்புக் குறை என்று படத்தோடு எழுதினால் கம்பனி மாற்றித் தரும். இல்லை என்று எழுதினால் அத்தோடு முடிந்தது.

அந்த இன்ஜினியர் வரவிருந்த காலைதான், எனக்கு நெஞ்சு அடைத்த காலை.

வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. பாதையோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தது. கொடியில் ஒரு துணி இல்லை. நடுவில் லொறி. குனிந்து பார்த்தேன். துரு இல்லை. ஓட்டை இல்லை. பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"அக்கா... துரு எங்கே?"

"அதையெல்லாம் சுரண்டி எடுத்தாச்சு தம்பி. கொழும்புல இருந்து ஒரு பெரிய மனுசன் வர்றாரு. அசிங்கத்தையா காட்டுறது?"

பக்கத்தில் சூசை அண்ணன், விரலெல்லாம் கறுப்பாக, அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். வேலை அவருடையது.

கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார் என்றால் என்ன செய்வோம்? கூரை ஒழுகும். நாம் சுவருக்கு வெள்ளை அடிப்போம். சாக்கடைக் கானைக் கழுவுவோம். துரை வருவார், 'குட்' என்பார், போவார். கூரை அடுத்த மழைக்கும் ஒழுகும். குறையைக் காட்டத்தான் ஒருவரை வரவழைக்கிறோம். வந்ததும் குறையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறோம். டொக்டரிடம் போய் "நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு வருகிற இனம் நாம்!

இன்ஜினியர் வந்தார். இளம் சிங்களவர், தன்மையானவர். விரித்து வைத்திருந்த பாயில் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். டோர்ச் வெளிச்சம் முன்னும் பின்னும் போய்வந்தது.

"ஹொந்தாய்," என்றார் கடைசியில். நன்றாக இருக்கிறதாம். இந்த வயதில் இப்படிப் பராமரித்த லொறியைத் தான் பார்த்ததே இல்லை என்று சிங்களத்தில் பாராட்டினார். சூசை அண்ணனின் சிரிப்பு காது வரை போனது. இன்ஜினியர் பேனாவை எடுத்தார்.

பேனாவைக் கண்டதும்தான் அக்காவுக்கு உறைத்தது.

அதன் பிறகு அக்கா பேசிய சிங்களத்தை அப்படியே அச்சில் ஏற்ற முடியாது. சொந்த லொறியை ஒருவர் அந்த அளவுக்குத் திட்டி நான் கேட்டதில்லை. வெளியே மினுக்கு, உள்ளே மண். கம்பனிக்காரன் ஏமாற்றித் தலையில் கட்டிய எமன். திட்டத் திட்ட சூசை அண்ணனின் முகம் சுருங்கியது. இரண்டு நாள் வேலை அல்லவா? போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரிவதைத்தான் படம் எடுக்கலாம், வாடிக்கையாளரின் வண்டியை நான் தட்டி உடைக்க முடியாது என்றார் இன்ஜினியர். சொந்தக்காரர் தட்டினால் தனக்கு ஆட்சேபனை இல்லையாம்.

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு, சுத்தியலோடு உள்ளே போனார்.

டங்.

கெட்டி இரும்பு. இன்னொன்று. டங். அதுவும் கெட்டி. மூன்றாவதும் கோயில் மணி மாதிரிக் கேட்டது. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் எழுதிய இங்கிலீஷ் முழுவதும் அந்த நிமிஷம் பச்சைப் பொய்யாகத் தெரிந்தது. வருஷக்கணக்காகக் காலை வாரிய லொறி, இன்றைக்குப் பார்த்தா இரும்பாக நிற்க வேண்டும்?

அக்கா வெளியே தலையை நீட்டினார்.

"ஏங்க, அந்த ஓட்டை எங்கங்க?"

"எந்த ஓட்டை?"

"நீங்க அடைச்ச ஓட்டை."

"தெரியக்கூடாதுன்னுதான அடைச்சேன்," என்றார் அண்ணன், திரும்பாமலே.

நாங்கள் எல்லோரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு லோட்டோட அதுல உக்காந்து போகப்போறது நீங்கதாங்க."

அண்ணன் எழுந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குந்தினார். பின் சக்கரத்துக்கு மேலே, பெயிண்ட் மிக அழகாக இருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க அடி."

இந்த முறை டங் இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் சுத்தியல் உள்ளே போனது. செந்தூள் கொட்டி அக்காவின் முகமெல்லாம் சிவப்பு. கை தட்டினோம்! தன் லொறியில் ஓட்டை விழுந்ததற்கு அப்படிச் சிரித்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணனை நிறுத்த முடியவில்லை. "மாத்தையா, இங்க வாங்க, இது இன்னும் பெருசு," என்று காணி காட்டுகிறவர் மாதிரி ஒவ்வோர் இடமாகக் கூட்டிப் போனார். இன்ஜினியர் படுத்தபடியே சிரித்துக்கொண்டு படம் எடுத்தார். ஓட்டைக்குள் டோர்ச் அடித்தபோது அவருடைய சிரிப்பு நின்றது. துரு உள்ளேயிருந்து வெளியே தின்றிருக்கிறது, குழல் மாதிரியான சட்டத்தின் உட்பக்கம் பூச்சே பட்டதில்லை என்றார். அந்த இடத்துக்குச் சூசை அண்ணனின் கையும் எட்டாது, எங்கள் மழையும் பொறுப்பில்லை. வண்டியைச் செய்தவர்கள் மட்டுமே எட்டியிருக்கக்கூடிய இடம் அது.

வண்டி எத்தனை கிழமானால் என்ன? செய்தபோதே இருந்த குறைக்கு வயதாவதில்லை. செய்தவர் பொறுப்பும் அப்படித்தான்.

நேற்றுப் பதில் வந்தது. செசியை மாற்றித் தருகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: வண்டியை ஒப்படைக்கும்வரை அடியில் பட்டியோ பெயிண்டோ எதுவும் பூச வேண்டாம்.

தமிழில் சொன்னேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். சூசை அண்ணன் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"கழுவலாமா தம்பி?"